சொற்பிழைத் திருத்தி வேலை: பேட்ச் மின்னஞ்சலில் வரட்டுமா, கிட்ஹப்பில் வரட்டுமா?

செந்தூல்காரி | சனி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஹன்ஸ்பெல் (சொற்பிழை பார்க்கிற மென்பொருள்) தமிழ் அகராதி வேலைக்கு ஒரு முடிவு எடுக்கணும், அதுக்குத்தான் இந்த இழை.

இதுவரைக்கும் நாலைந்து பேர்தான். திருத்தின கோப்பை ஜிப் பண்ணி எனக்கு அனுப்புவாங்க, நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாச் சேர்ப்பேன். யார் எந்தச் சொல்லை ஏன் நீக்கினாங்க என்பது என் இன்பாக்ஸைத் தவிர வேற எங்கேயும் பதிவாகலை. இப்போ பல்கலைக்கழகப் பிள்ளைங்க ஒரு கூட்டமே சேர வர்றாங்க. இந்த முறை இனித் தாங்காது.

கிட்டுக்கு (யார் எப்போ எதை மாத்தினாங்கன்னு பதிவு வைக்கிற கருவி) மாறுறதுல யாருக்கும் மறுப்பில்லை. அதுக்கு மேலதான் இழுபறி. பினாங்கு அண்ணன் லினக்ஸ் கெர்னல் மாதிரி மடற்குழு வைப்போம், பேட்ச் (எந்த வரி மாறிச்சுன்னு காட்டுற சின்னக் கோப்பு) எல்லாம் மின்னஞ்சல்ல வரட்டும் என்கிறார். பிள்ளைங்களுக்குக் கிட்ஹப் வலைத்தளம்தான் கைப்பழக்கம். செமஸ்டர் தொடங்குறதுக்குள்ள ஒன்றைப் பிடிக்கணும். "எல்லாரும் அதைத்தானே பயன்படுத்துறாங்க" என்கிற பதில் மட்டும் வேண்டாம். வேலை செஞ்சு பார்த்தவங்க காரணத்தோட சொல்லுங்க.

பாயான் லெப்பாஸ் | சனி, இரவு 10:55

தங்கச்சி, நான் கெர்னல்ல நெட்வொர்க் டிரைவர் எழுதுறவன். என் வாதம் பழக்கதோஷத்தால வந்ததில்லை, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

மின்னஞ்சல் முறையில அனுப்புறவன் தன் வேலையைச் சின்னச் சின்னப் பேட்ச்சாப் பிரிச்சு, 1/4, 2/4 என்று எண் போட்டு, மேல ஒரு முகப்பு மடல் எழுதி அனுப்பணும். அந்தப் பிரிப்புலதான் பாதி நன்மை இருக்கு. வாசிக்கிறவர் ஒவ்வொரு பேட்ச்சையும் தனியாப் பார்த்து, வரியை மேற்கோள் காட்டி, அதுக்குக் கீழேயே கேள்வி கேட்பார். நம்ம அகராதிக்கு அது எப்படி இருக்கும்னு பாருங்க (- பழைய வரி, + புது வரி; சாய்கோட்டுக்குப் பின்னால இருக்கிற எழுத்து அந்தச் சொல்லுக்கு எந்த விகுதி விதின்னு சொல்லும்):

> -மரம்/க
> +மரம்/கச

'ச' விதி சேர்ந்தா "மரத்துக்கு" கிடைக்கும், சரி. ஆனா "மரங்களுக்கு" ஏற்கெனவே 'க' வழியா வருதே, ரெண்டு பக்கமும் உருவாகாதா? 'குளம்', 'நிலம்' எல்லாத்துக்கும் இதே விதிதானே, ஏன் மரத்துக்கு மட்டும்?

கமிட் செய்தியும் (ஒவ்வொரு மாற்றத்தோடயும் பதிவாகுற குறிப்பு) அதே மடலின் உடம்புலதான் இருக்கு. அதனால "ஏன் மாத்தினேன்" என்கிற விளக்கத்தையும் வரி வரியாத் திருத்தச் சொல்லலாம். கிட்ஹப்ல மாறின கோட் வரிக்குப் பக்கத்துல கருத்து எழுதலாம், கமிட் செய்தியின் வரிக்கு அப்படி எழுத இடமில்லை. அதனாலதான் அங்கே "பிக்ஸ்", "அப்டேட்", "அப்டேட் 2" என்று கமிட் குவியுது. அகராதி வேலையில விளக்கம்தான் முக்கால்வாசி. ஒரு சொல்லை நீக்கினதைவிட எதுக்கு நீக்கினோம் என்பது பத்து வருஷம் கழிச்சுத் தேவைப்படும்.

இன்னொன்று, மடல் எல்லார் கையிலேயும் ஒரு பிரதியா இறங்கிடுது. கே.எல். சென்ட்ரல்ல இ.டி.எஸ். ரயில் ஏறினா பட்டர்வொர்த் வரைக்கும் நாலு மணி நேரம். பாடாங் ரெங்காஸ் தாண்டினா மலைக்குள்ள சிக்னல் வரும், போகும். எனக்குக் கவலையே இல்லை. இறங்கின மடலைப் படிச்சு, பதில் எழுதி வச்சா, தைப்பிங் வந்ததும் தானாப் போயிடும்.

கெர்னல், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், கிட் மூணும் இன்னைக்கும் மடற்குழுவுலதான் ஓடுது. கிட்டையே 2005 ஏப்ரலில் கெர்னலைத் தொடங்கின லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதினது மின்னஞ்சல்ல பேட்ச் ஓடுற ஒரு கூட்டத்துக்காகத்தான். மடலா வந்த பேட்ச்சை அப்படியே விழுங்குற கட்டளை அதுல ஆரம்பத்திலிருந்தே இருக்கு.

பந்தாய் மாணவி | சனி, இரவு 11:30

அண்ணே, நீங்க சொல்ற அந்த வரி வரியான ரிவியூ எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா அங்க போய்ச் சேர்ற வழியைப் பத்தி யாரும் பேசலையே.

நானும் என் கூட்டாளியும் நேத்து கிட் சென்ட்-இமெயில் (பேட்ச்சை மடலா அனுப்புற கட்டளை) போட்டுப் பார்த்தோம். முதல்ல ஜிமெயில் கடவுச்சொல் எடுபடலை. 2022 மே மாசத்திலிருந்து கூகுள் வெறும் கடவுச்சொல்லை வெளி செயலிக்கு விடுறதில்லை, இரட்டைச் சரிபார்ப்பு வச்சு தனியா ஒரு செயலிக் கடவுச்சொல் எடுக்கணும். எடுத்தோம். கோப்புல தமிழ் இருந்ததால எட்டு பிட் குறியாக்கம் எதுன்னு அறிவிக்கணும்னு கேட்டுச்சு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற எங்களுக்கே ஒரு நிமிஷம் என்ன பதில் போடணும்னு புரியலை. தமிழ் ஆய்வியல் துறையில இருந்து வர்ற பிள்ளைங்க என்ன செய்வாங்க? இந்த வேலைக்கு எங்களைவிட அவங்கதான் தேவை. "ஒருமை பன்மை மயங்குது", "இந்த வேர்ச்சொல் தப்பு" என்று சொல்லக்கூடியவங்க அவங்கதான்.

கூட இன்னொரு விஷயம், இதை நேராச் சொல்லிடறேன். மடற்குழுவுல எழுதினா என் மின்னஞ்சல் முகவரி என்னைக்கும் அழியாம இணையத்துல கிடக்கும். பெண் பெயர்ல பொது இடத்துல முகவரி கிடந்தா என்னென்ன மடல் வரும்னு எங்க வகுப்புல எல்லாருக்கும் தெரியும். கிட்ஹப்ல உண்மை முகவரியை மறைச்சு, அவங்க தர்ற பதில் போகாத முகவரியைக் கமிட்ல போடலாம். இந்தக் காரணத்துக்காகவே ரெண்டு பேர் மடற்குழுன்னா வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க.

பட்டர்வொர்த் சர்வர் | ஞாயிறு, காலை 7:15

மெயில் சர்வர் பார்த்துக்கிறதுதான் என் தொழில். மடற்குழு நடத்துறது 2000-இல் இருந்த மாதிரி இன்னைக்கு இல்லை என்பதை முதல்ல சொல்லிடறேன்.

2014 ஏப்ரலில் யாஹூ தன் முகவரிகளுக்கு டிமார்க் விதியைக் கடுமையாக்கினாங்க. யாஹூ பெயர்ல வேற சர்வர்ல இருந்து மடல் வந்தா ஏத்துக்காதே என்பதுதான் விதி. போலி மடலைத் தடுக்க நல்லதுதான். ஆனா மடற்குழு செய்யறதே அதுதானே? உறுப்பினர் பெயர்ல, குழுவின் சர்வர்ல இருந்து மடலை மறுபடி அனுப்புது. யாஹூக்காரர் ஒருத்தர் குழுவுக்கு எழுதினா மத்த நிறுவன முகவரிகள்ல அது திரும்பி வந்துச்சு. திரும்பி வந்த கணக்கை வச்சு, எழுதாம சும்மா இருந்த உறுப்பினர்களைக் குழு மென்பொருள் தானா நிறுத்தி வச்சுடுச்சு. ஒருத்தர் எழுதின பாவத்துக்கு நூறு பேருக்கு மடல் நின்னுபோன குழுவெல்லாம் உண்டு.

அதைச் சமாளிக்க அனுப்புநர் இடத்துல குழுவோட முகவரியைப் போட்டாங்க. அதுல பேட்ச்சுக்கு வேற சங்கடம். கியூஎமு என்கிற மென்பொருள் திட்டத்துல கமிட் எழுதினவர் பெயருக்குப் பதிலா குழுவோட முகவரி ஏறிட்டு, பிறகு அதைத் திருத்த ஒரு பட்டியலே வச்சிருக்காங்க. உழைச்சவன் பெயர் போயிடும்னா மாணவர்களுக்கு அது சின்ன இழப்பில்லை.

சரியா நடத்தலாம். மடலின் தலைப்புல குறிச்சொல் ஒட்டாம, அடியில வரி சேர்க்காம, வந்ததை வந்த மாதிரியே அனுப்பினா மடலோட டிஜிட்டல் கையொப்பம் கெடாது. ஆனா அதைத் தொடர்ந்து பார்த்துக்க ஒரு ஆள் வேணும். செந்தூல் அக்கா, அந்த ஆள் யாருன்னு முடிவு பண்ணிட்டுப் பேசுவோம்.

பாயான் லெப்பாஸ் | ஞாயிறு, காலை 9:05

@பந்தாய் மாணவி: முகவரி விஷயத்துல எனக்குப் பதில் இல்லைம்மா. நீ சொல்றது நியாயம்.

அமைக்கிற தொல்லையும் உண்மை. நிறுவனங்கள்ல இருக்கிறவங்களுக்கும் உண்டு. எனக்குத் தெரிஞ்ச ஒரு கம்பெனியில வெளியே போற ஒவ்வொரு மடலுக்கும் "இது ரகசியம், பெறுநர் நீங்க இல்லைன்னா அழிச்சிடுங்க" என்று சர்வரே ஒரு பத்தி ஒட்டிவிடும். பொதுவில் வெளியிடுற பேட்ச்சுக்கு ரகசிய அறிவிப்பு! சில பராமரிப்பாளர்கள் அதைக் கண்டாலே பேட்ச்சைத் தொடமாட்டாங்க. இன்னும் சில மென்பொருள் டேப்பை இடைவெளியா மாத்திடும், பேட்ச் பொருந்தாது. எந்த மின்னஞ்சல் செயலி எதைக் கெடுக்கும்னு கெர்னல் ஆவணத்துல ஒரு முழுப் பக்கமே இருக்கு, ஜிமெயிலின் வலைப்பக்கத்துல இருந்து பேட்ச் அனுப்ப முடியாதுன்னு அதுலேயே எழுதியிருக்கு.

இதுக்கெல்லாம் வழி செஞ்சுட்டு வர்றாங்க. பி4 என்கிற கருவி எஸ்எம்டிபி (மடல் அனுப்புற சர்வர் அமைப்பு) இல்லாமலே வலை வழியா பேட்ச் தொடரைக் கெர்னல் குழுவுக்கு அனுப்பித் தரும். கிட் திட்டத்துக்கு கிட்கிட்கேட்ஜெட் இருக்கு, நீ கிட்ஹப்ல புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்குங்கன்னு கேட்கிறது) போட்டா அது மடலாக்கி மடற்குழுவுக்கு அனுப்பிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஆசிரியர் | ஞாயிறு, காலை 11:20

அன்பர்களுக்கு வணக்கம். நான் நிரலர் அல்லன். ஓய்வுபெற்ற தமிழாசிரியன். ஆனால் மின்னஞ்சல் வழிக் கூட்டுழைப்பு தமிழுக்குப் புதிதன்று என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

1990-களின் நடுவில் தமிழ்.நெட் மடற்குழுவை ஆஸ்திரேலியாவிலிருந்து நடத்தியவர் நம் மலேசியாவில் பிறந்த பாலா பிள்ளை. யூனிகோடு பரவாத காலம். ஆளுக்கொரு எழுத்துரு. ஒருவர் எழுதியது மற்றவர் திரையில் குப்பையாகத் தெரியும். அந்நிலையிலும் உலகெங்கும் இருந்த தமிழர்கள் தமிழிலேயே எழுதி விவாதித்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முழுக்க முழுக்க மின்னஞ்சலால் நடந்தது: ஒருவர் தட்டச்சு செய்வார், வேறொரு நாட்டில் இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார், சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் ஒருங்கிணைப்பார். திருக்குறளும் சங்க நூல்களும் இன்று கைப்பேசியில் இலவசமாகக் கிடைப்பதற்கு அந்த மடல்கள் காரணம். தமிழ் இணைய மாநாடு 2001-இல் இங்கே கோலாலம்பூரில் நடந்தபோது பேசப்பட்ட குறியீட்டுச் சிக்கல்கள் பலவும் மடற்குழுக்களில் ஊறி வந்தவையே.

ஆனால் பினாங்குத் தம்பி சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் பழைய தமிழ்க் குழுக்களில் பெரும்பாலானவை யாஹூ குழுமங்களில் இருந்தன. 2019 கடைசியில் யாஹூ பழைய மடல்களையும் கோப்புகளையும் அழிப்பதாக அறிவித்தது. 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. கலைச்சொல் ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் நடந்த விவாதங்கள் அவற்றில் இருந்தன. யாரோ ஒருவர் தம் கணினியில் சேமித்து வைத்திருந்தவை தப்பின. மற்றவை போயின. அவை மின்னஞ்சல்கள்தாம். மின்னஞ்சல் என்பதனால் மட்டும் அவை பிழைத்துவிடவில்லை.

ஆகவே பிள்ளைகளே, எந்த வாசலால் வந்தாலும் சரி, விவாதத்தின் பிரதி நம் கையில் இருக்குமா என்பதை முதலில் கேளுங்கள். எந்த மென்பொருள் என்பதை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள்.

கிளாங் லாமா | ஞாயிறு, பிற்பகல் 2:10

ஐயா சொன்னது என் கண்ணைத் திறந்திடுச்சு. ஆனாலும் வலைத்தளத்தின் பக்கம் பேச ஒரு ஆள் வேணும், நான் பேசறேன்.

மடற்குழுவையும் பழைய கருவிகளையும் விட்டு வந்த பெரிய திட்டங்கள் கொஞ்சமில்லை. பைத்தான் 2017 பிப்ரவரியில் கோட்டைக் கிட்ஹப்புக்கு மாத்தினாங்க, 2022 ஏப்ரலில் பிழைப் பட்டியலையும் மாத்தினாங்க. எல்எல்விஎம் (கம்பைலர் திட்டம்) ரிவியூவுக்குப் பயன்படுத்தின பேப்ரிக்கேட்டர் என்கிற கருவியைப் பராமரிக்க 2021-க்குப் பிறகு ஆள் இல்லை, 2023-இல் புல் ரிக்வெஸ்ட்டுக்கு வந்தாங்க. லினக்ஸ் டெஸ்க்டாப் எழுதுற குனோம் 2018-இல், கேடிஈ 2020-இல் கிட்லேப்புக்கு (கிட்ஹப் மாதிரியே, ஆனா சொந்த சர்வர்லேயும் நிறுவலாம்) போனாங்க. கவனிங்க, இந்த ரெண்டு பேரும் தங்கள் சொந்த சர்வர்ல கிட்லேப் நிறுவிக்கிட்டாங்க. டெபியனின் சல்சா தளமும் அப்படித்தான். வலைத்தளம் என்றாலே வேறொருத்தர் வீட்டுல குடியிருக்கிறது என்று அர்த்தமில்லை.

மடற்குழுவில் எனக்குப் பெரிய குறை, பேட்ச் காணாமப் போறது. யாரும் பதில் போடலைன்னா அது அப்படியே அமுங்கிடும். மறுத்துட்டாங்களா, மறந்துட்டாங்களா, யாரும் பார்க்கவே இல்லையா என்று அனுப்பினவனுக்குத் தெரியாது. போஸ்ட்கிரெஸ்காரங்களே மடற்குழுவை மட்டும் நம்பலை, எந்தப் பேட்ச் எந்த நிலையில நிக்குதுன்னு பார்க்க கமிட்ஃபெஸ்ட் என்று தனியா ஒரு வலைச்செயலி வச்சிருக்காங்க. முதல் முறை ஒரு மாணவி பத்துச் சொல்லைத் திருத்தி அனுப்பி, ஒரு மாசம் சத்தமே இல்லைன்னா, அவ ரெண்டாவது முறை வரமாட்டா.

அடுத்தது தானியங்கிச் சோதனை. நம்ம அகராதிக்கு இது எவ்வளவு முக்கியம்னு ஒரு உதாரணம் காட்டறேன். "கொடி" என்று ஒரு வரி. கொ என்பதுல வர்ற உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாவும் எழுதலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று ரெண்டு குறியீடாவும் எழுதலாம். திரையில ரெண்டும் ஒண்ணுதான். பேட்ச்ல பார்த்தா:

> -கொடி/ப
> +கொடி/ப

என்ன மாறிச்சு? எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. அகராதியில ஒரு வடிவம், பயனர் தட்டச்சு செய்யறது இன்னொரு வடிவம் என்றால் சரியான சொல்லுக்குக் கீழ சிவப்புக்கோடு விழும். "ஔவை" என்பதை ஒ போட்டு ள போட்டு "ஒளவை" என்று அடிக்கிறவங்களும் நிறையப் பேர். புல் ரிக்வெஸ்ட் வந்த நிமிஷமே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இதையெல்லாம் பிடிச்சு, அனுப்பினவருக்கே காட்டிடும். பராமரிக்கிறவர் சொல்லிச் சொல்லி வாய் வலிக்க வேண்டாம், புதுசா வந்தவரும் மனசு நோக வேண்டாம்.

பாயான் லெப்பாஸ் | ஞாயிறு, மாலை 5:35

அந்தக் கொ விஷயம் நூத்துக்கு நூறு சரி. அதுக்கு மெஷின்தான் வேணும். மடற்குழுவுல வர்ற பேட்ச்சையும் மெஷின் சோதிச்சு பதில் மடல் போடும், கெர்னல்ல அது நடக்குது. ஆனா அதை அமைக்கிற வேலை வலைத்தளத்துல இருக்கிறதைவிடப் பல மடங்கு, ஒத்துக்கிறேன்.

ஐயா கேட்ட பிரதி விஷயத்துக்கு வர்றேன். கெர்னல்காரங்க அதுக்கு ஒரு நல்ல வழி கண்டுபிடிச்சாங்க. லோர் என்கிற காப்பகம், 2018-இல் இருந்து இருக்கு. பப்ளிக்-இன்பாக்ஸ் என்கிற மென்பொருள்ல ஓடுது. குழுவுக்கு வந்த ஒவ்வொரு மடலும் ஒரு கிட் ரெப்போவுக்குள்ள (கோப்புகளும் அதோட வரலாறும் இருக்கிற களஞ்சியம்) கமிட்டா ஏறிடும். கோட்டை எப்படி குளோன் பண்றோமோ (வரலாற்றோட முழுப் பிரதி எடுக்கிறோமோ) அப்படியே முழு விவாதத்தையும் எவர் வேணுமானாலும் குளோன் பண்ணிக்கலாம். அந்த சர்வரே நாளைக்கு இல்லைன்னாலும் ஆயிரம் பேர் வீட்டுல பிரதி இருக்கும். யாஹூவுக்கு நடந்தது அதுக்கு நடக்காது.

கிட்ஹப்ல குளோன் பண்ணினா கோட் வரும். புல் ரிக்வெஸ்ட்டுகளின் கமிட்டுகளையும் கேட்டு இழுக்கலாம். ஆனா அதுக்குக் கீழ நடந்த விவாதம்? அது குளோன்ல வராது. அவங்க தரவுத்தளத்துல இருக்கு, அவங்க ஏபிஐ (நிரல் மூலமா தரவு கேட்கிற வாசல்) வழியா கேட்டு வாங்கணும்.

இது வெறும் பயம் இல்லை. 2024 மார்ச் 29-இல் எக்ஸ்இசட் சுருக்கக் கருவிக்குள்ள பின்கதவு வச்சிருந்ததை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் வெளியிட்டார். எஸ்எஸ்எச் (தூரத்துல இருந்து சர்வருக்குள்ள நுழையுற முறை) உள்நுழைவு அரை விநாடி தாமதமாறதைத் தோண்டிக் கண்டுபிடிச்சவர் அவர். உடனே கிட்ஹப் அந்த ரெப்போவை முடக்கிடுச்சு. பரவாம தடுக்கிற எண்ணம்தான், குறை சொல்லலை. ஆனா யார் எப்போ எதைச் சேர்த்தாங்கன்னு உலகமே தேடின அந்த நேரத்துல புல் ரிக்வெஸ்ட்டும் விவாதமும் கண்ணுக்கு எட்டலை. அதே சமயம், 2022-இல் போலிப் பெயர்கள்ல பழைய பராமரிப்பாளரை நெருக்கி, புது ஆளுக்கு அதிகாரம் கொடுன்னு அழுத்தின மடல்கள் அந்தத் திட்டத்தின் மடற்குழுக் காப்பகத்துல அப்படியே கிடந்துச்சு. அதை வச்சுத்தான் சூழ்ச்சி எப்படி நடந்ததுன்னு எல்லாரும் புரிஞ்சுக்கிட்டாங்க.

பட்டர்வொர்த் சர்வர் | ஞாயிறு, இரவு 8:20

அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. 2014 டிசம்பர் கடைசியில் இந்தியாவுல 32 தளங்களை முடக்கச் சொன்னாங்க, அந்தப் பட்டியல்ல கிட்ஹப்பும் மாட்டிச்சு, இணையக் காப்பகமும் மாட்டிச்சு. சில நாள்ல திறந்துட்டாங்க. நம்ம பங்களிப்பாளர்கள்ல பாதிப் பேர் தமிழ்நாட்டுல இருக்காங்க என்பதால சொல்றேன். 2019 ஜூலையில அமெரிக்கத் தடைச் சட்டத்தைக் காட்டி ஈரான், சிரியா, கிரிமியா பயனர்களைக் கிட்ஹப் கட்டுப்படுத்துச்சு. ஈரானுக்கு 2021 ஜனவரியில்தான் அனுமதி வாங்கித் திறந்தாங்க.

ஆனா நியாயமாப் பார்க்கணும். மடற்குழுவுல ஓடுற கெர்னலும் சட்டத்துக்கு அப்பாற்பட்டது இல்லை. 2024 அக்டோபரில் பத்துப் பன்னிரண்டு ரஷ்யப் பராமரிப்பாளர்களின் பெயரைப் பட்டியல்ல இருந்து எடுத்தாங்களே. மின்னஞ்சல் அவங்களைக் காப்பாத்தலை. அவங்க இன்னும் காப்பகத்தைப் படிக்கலாம், அவ்வளவுதான். எல்லா ஆபத்துக்கும் மடற்குழு மருந்துன்னு யாரும் நினைக்க வேண்டாம்.

பந்தாய் மாணவி | ஞாயிறு, இரவு 9:00

அப்போ ஒண்ணு கேட்கலாமா? விவாதத்தின் பிரதி கிட் ரெப்போவா நம்ம கையில இருக்கணும் என்பதுதான் அண்ணனோட முக்கியமான காரணம் என்றால், அதைக் கிட்ஹப்ல இருந்தும் எடுத்து வைக்கலாமே? ஏபிஐ வழியா எல்லா இஷ்யூவையும் (பிழை, கோரிக்கைப் பதிவு) கருத்தையும் வாரம் ஒருமுறை இறக்கி, சாதாரண உரைக் கோப்பா மாத்தி, தனி ரெப்போவுல போடுற ஸ்கிரிப்டை நானே எழுதறேன். பெரிய வேலை இல்லை.

பாயான் லெப்பாஸ் | ஞாயிறு, இரவு 9:25

எடுத்து வைக்கலாம்மா. என் சந்தேகமெல்லாம், அதை யாராவது தொடர்ந்து செய்வாங்களா என்பதுதான். லோர்ல மடல் வந்தாலே ஏறிடும், ஆள் வேண்டாம். உன் ஸ்கிரிப்ட் ஓடாம நின்னு மூணு மாசம் ஆனாலும் யாரும் கவனிக்கமாட்டாங்க. கவனிக்கிற அன்னைக்குத்தான் அது தேவைப்பட்டிருக்கும்.

ஸ்கிரிப்ட் தோத்தா எல்லாருக்கும் மடல் போற மாதிரி எழுது. அது இருந்தா நான் கிட்ஹப்புக்குச் சம்மதிக்கிறேன். ஒரு நிபந்தனை: ஒரு சொல்லை ஏன் சேர்த்தோம், ஏன் நீக்கினோம் என்கிற காரணம் கமிட் செய்தியிலேயே, தமிழ்லேயே இருக்கணும். "விவாதத்தைப் பார்க்கவும்" என்று மேலே கைகாட்டிட்டு விடக்கூடாது. கமிட் செய்தி குளோன்ல வரும். நாம எந்தத் தளத்துக்கு மாறினாலும் கூடவே வரும்.

கிளாங் லாமா | ஞாயிறு, இரவு 9:50

அந்த நிபந்தனைக்கு நான் முழு ஆதரவு. ஆனா புதுசா வர்றவங்க முதல் கமிட்லேயே பத்தி பத்தியா எழுதணும்னு நெருக்க வேண்டாம் அண்ணே. அவங்க புல் ரிக்வெஸ்ட் விளக்கத்துல தோணினதை எழுதட்டும். சேர்க்கும்போது எல்லாத்தையும் ஒரே கமிட்டாச் சுருக்கி, பராமரிப்பாளர் காரணத்தை ஒழுங்குபடுத்தி எழுதி ஏத்தலாம். எழுதினவர் பெயர் மாறாது.

பாயான் லெப்பாஸ் | ஞாயிறு, இரவு 10:05

ஒரே கமிட்டாச் சுருக்குறதுல எனக்கு உடன்பாடில்லை. விதிக்கோப்பை மாத்தினதும் சொற்பட்டியலை மாத்தினதும் ஒண்ணாக் கலந்துட்டா, பின்னால எந்த விதி எந்தச் சொல்லைக் கெடுத்ததுன்னு பிரிச்சுத் தேட முடியாது. சொற்பட்டியல் மட்டும் என்றால் சுருக்குங்க. விதிக்கோப்பு என்றால் தனித்தனிக் கமிட்டாவே வரணும், அதை நான் பார்க்கிறேன்.

செந்தூல்காரி | திங்கள், காலை 8:10

எல்லாருக்கும் நன்றி. இப்படிச் செய்வோம்.

கிட்ஹப்ல தொடங்குவோம். பிள்ளைங்க முகவரியை மறைச்சுக்கலாம் என்பதுதான் எனக்கு முடிவைத் தீர்மானிச்ச காரணம். அவங்க பயமில்லாம வந்தாத்தான் இந்த வேலை நடக்கும். சொந்தமா கிட்லேப் வைக்கிறதுக்கு இப்போ ஆள்பலம் நமக்கு இல்லை. மின்னஞ்சல்லேயே பேட்ச் அனுப்ப விரும்புறவங்க அண்ணனுக்கு அனுப்பலாம், அவர் அதைக் கிளையா ஏத்தி புல் ரிக்வெஸ்ட்டா மாத்துவார். இது அவருக்குக் கூடுதல் சுமை என்று தெரியும், அவரே ஒத்துக்கிட்டதால எழுதறேன்.

காரணம் கமிட் செய்தியில, தமிழ்ல. விதிக்கோப்பு தனிக் கமிட், அண்ணன் பார்க்காம ஏறாது. எந்தப் புல் ரிக்வெஸ்ட்டுக்கும் ஒரு வாரத்துக்குள்ள யாராவது ஒருத்தர் பதில் போடணும், "பார்த்தேன், நேரமில்லை" என்றாவது. அதுக்கு நானும் கிளாங் லாமாவும் பொறுப்பு.

வாராந்திரப் பிரதியை மாணவி எழுதறாங்க. பட்டர்வொர்த் தம்பி, உங்க சர்வர்ல ஒரு பிரதி, ஐயா வீட்டுக் கணினியில ஒரு பிரதி. ஐயா, உங்களுக்குச் சம்மதமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் ஆசிரியர் | திங்கள், காலை 10:45

முழுச் சம்மதம். குளோன் செய்வது எப்படி என்று யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்து காட்டித் தர வேண்டும். என்னிடம் 1999-லிருந்து சேமித்த கலைச்சொல் மடல்கள் சில உள்ளன. யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய திஸ்கி என்னும் தமிழ்க் குறியீட்டில் இருக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றித் தந்தால் அவற்றையும் இதே இடத்தில் வைக்கலாம்.

பட்டர்வொர்த் சர்வர் | திங்கள், காலை 11:02

சர்வர்ல இடம் இருக்கு, வச்சுக்கிறேன். ஐயா, அந்த மடல்கள்ல மத்தவங்க முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். பொதுவில் போடுறதுக்கு முன்ன எடுத்துடணும். மாணவி எழுதுற ஸ்கிரிப்ட்டுக்கும் இதைத்தான் சொல்றேன், முகவரி எதையும் பிரதியில எழுதாதே.

பந்தாய் மாணவி | திங்கள், பிற்பகல் 1:30

சரிங்க அண்ணே, பயனர் பெயர் மட்டும் வைக்கிறேன். ஐயா, சனிக்கிழமை காலையில நான் வர்றேன். திஸ்கி மாத்துறதுக்கு ஓப்பன்-தமிழ் நிரலகத்துல வழி இருக்கான்னு அதுக்குள்ள பார்த்து வச்சிடறேன். ஒண்ணு ரெண்டு மடலை மட்டும் முன்கூட்டியே செந்தூல் அக்காவுக்கு அனுப்புங்க, எழுத்து உடையாம வருதான்னு சோதிச்சுக்கலாம்.